வாலை உதறிய வினைச்சொல்

தமிழில் ‘வந்தாள்’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். வந்தது பெண், ஒருத்தி, வந்தாகிவிட்டது என்று இத்தனையும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இந்தச் சௌகரியம் போய்விடுகிறது. ‘ஞான் வன்னு, நீ வன்னு, அவன் வன்னு, அவள் வன்னு.’ யார் வந்தாலும் ‘வன்னு’தான்.

இதைக் காட்டி மலையாளத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் நம்மில் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை.

விகுதிகள் அங்கே ஆதியிலேயே இல்லாமல் போய்விடவில்லை. ‘ராமசரிதம்’ என்ற பழைய காவியத்தில் அவற்றைக் காணலாம். பிறகுதான் உதிர்ந்தன. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார், மலையாளம் தமிழின் மிகப் பழைய கிளை என்று கருதினார். தமிழிலிருந்து அது வேறுபடுவதற்கு அவர் சொன்ன முக்கியமான அடையாளங்கள் இரண்டு: சம்ஸ்கிருதச் சொற்களின் பெருக்கம், வினைமுற்றில் விகுதி ஒழிந்தது. 1896இல் ‘கேரள பாணினீயம்’ எழுதிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா, மலையாளம் பிரிந்து சென்ற வழிகள் ஆறு என்றார். அவற்றுள் ஒன்றுக்கு ‘புருஷபேத நிராசம்’ என்று பெயர் வைத்தார். நிராசம் என்றால் தள்ளிவிடுதல். இழந்துவிட்டோம் என்று அழாமல், தள்ளிவிட்டோம் என்கிற அந்த மிடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

சம்ஸ்கிருதத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாமா? அதுவும் பொருந்தாது. அங்கே மூன்று இடம், மூன்று எண். ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்பது வடிவம். அவ்வளவு விகுதி வைத்திருப்பவரோடு பழகியதால் ஒருவர் விகுதியைத் தொலைத்தார் என்பது விசித்திரமான வாதம். ஆங்கிலத்திலும் 1611இல் வெளியான பைபிளில் இருந்த விகுதிகள் போய், இன்று ‘அவன் வருகிறான்’ என்பதற்கு ஓர் ‘ஸ்’ மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அவள்’ என்று முதலிலேயே சொல்லிவிட்ட பிறகு, வினையின் வாலுக்கு என்ன வேலை?

கதை எழுதுகிறவனுக்கு இதில் லாபமும் உண்டு. இருட்டில் கதவைத் தட்டியது ஆணா பெண்ணா என்பதை மலையாள எழுத்தாளர் பத்து அத்தியாயம் மறைத்து வைக்கலாம். நான் ‘தட்டினா’ என்று எழுதும்போதே, அடுத்த எழுத்து ‘ன்’னா ‘ள்’ளா என்று முடிவு செய்தாக வேண்டும்!

சரி, நம் வீட்டுக் கதை என்ன? பழந்தமிழில் ‘யான் வந்திலேன், அவன் வந்திலன், அவள் வந்திலள், அவர் வந்திலர்’ என்று மறுப்பிலும் ஆளுக்கொரு விகுதி இருந்தது. இன்று நான் வரவில்லை, நீ வரவில்லை, அவள் வரவில்லை. ‘வரவில்லை’ என்பதற்கும் ‘வன்னு’ என்பதற்கும் இந்த விஷயத்தில் என்ன வித்தியாசம்? வந்ததைச் சொல்லும்போது ஆளைக் காட்டுகிறோம். வராததைச் சொல்லும்போது நாமும் மலையாளிகளாகிவிடுகிறோம். ‘அவள் வந்திலள்’ என்று இன்று ஒரு கணவன் மாமனாருக்குக் கடிதம் போட்டால், பெண்ணைப் பெற்றவர் மருமகனின் உடம்புக்கு என்னவோ என்று பதறி அடுத்த ரயிலில் புறப்பட்டு வந்துவிடுவார்.