கல்யாண முருங்கையில் ஒரு கிரீடம்

போன ஆடி மாசம் அப்பா போன் பண்ணினார். "டேய், பரண்ல தாத்தாவோட கிரீடம் கெடக்கே, அதைக் கேட்டு ஆள் வந்திருக்காங்க. பன்னெண்டாயிரம் தர்றாங்களாம். என்ன சொல்ற?" கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் புதுசாக் கட்டுற ஒரு ரிசார்ட்டில், வரவேற்பறைச் சுவத்துல மாட்ட வேணுமாம். கூடவே புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் சேர்த்து ஒரே விலை.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. "ஞாயித்துக்கிழமை வரேன், இருங்க"ன்னு வச்சுட்டேன். அந்த நாலு நாள்ல தோணினதும், ரொம்ப நாளாப் படிச்சு வச்சிருந்ததும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே :-)

எங்க ஊர் சேதராப்பட்டு. பாண்டியிலேர்ந்து மயிலம் போற ரோட்டுல இருக்கு. வெளியூர்க்காரங்களுக்குத் தொழிற்பேட்டைன்னாதான் தெரியும். ஊரைச் சுத்தித் தமிழ்நாடு, வானூர் தாலுகா. எங்கே பாண்டி முடியுது, எங்கே தமிழ்நாடு தொடங்குதுன்னு சாராயக் கடையை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். கூத்துக்கு மட்டும் அந்த எல்லை கிடையாது. செஞ்சியிலேர்ந்து இந்தப் பக்கம் வரைக்கும் திரௌபதியம்மன் கோயில் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஒரே பாரதம்தான்.

என் தாத்தா ஒரு ஜமாவுல கட்டை வேஷக்காரர். அது என்ன கட்டை வேஷம்? கர்ணன், துரியோதனன், அர்ச்சுனன் மாதிரி ராஜா வேஷங்களுக்கு மரத்துல செஞ்ச அணிகளைக் கயித்தால இறுக்கிக் கட்டுவாங்க. தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, நெஞ்சுக்குப் பதக்கம். நாமதான் வேஷம் 'போடுறோம்'. கூத்துக்காரங்க வேஷம் 'கட்டுவாங்க'. அந்த வினைச்சொல் சும்மா வரலை, நிஜமாவே கட்டுறதுதான். முகத்துக்கு அரிதாரம் பூசி, இடுப்புல பழைய சேலைகளைச் சுருட்டிச் சுருட்டிப் பருமனாக்கி, மேலே பாவாடை மாதிரி விரிய விட்டு, காலுக்குச் சலங்கை கட்டி, கடைசியாக் கிரீடம் ஏறும். ஒரு கர்ணன் தயாராக ரெண்டு மணி நேரம் ஆகும்.

மரம் எதுன்னு நினைக்கிறீங்க? தேக்கும் இல்லை, பலாவும் இல்லை. கல்யாண முருங்கை. வேலியோரம் முள்ளோட நிக்குமே, நம்ம ஆயாக்கள் இலை பறிச்சு அடை சுடுவாங்களே, அதே மரம்தான். காரணம் ரொம்ப எளிசு: காய்ஞ்சா பஞ்சு மாதிரி லேசாயிடும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரைக்கும் ஆடணும், பாடணும், கிறிக்கி அடிக்கணும் (நின்ன இடத்துல பம்பரமாச் சுத்தறதுக்குத்தான் கிறிக்கின்னு பேர்). தேக்குல கிரீடம் செஞ்சா கர்ணன் பதினேழாம் நாள் போருக்கு முன்னாடியே கழுத்து ஒடிஞ்சு செத்துப் போவான்.

அந்தக் கட்டை மேல கலர் ஜிகினாத் தாளும் குட்டிக் குட்டிக் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருக்கும். சின்ன வயசுல அது வெறும் பகட்டுன்னு நினைச்சேன். ஒரு தடவை கரண்ட் போயி, பெட்ரோமாக்ஸ் கொண்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேர் தீப்பந்தம் பிடிச்சாங்க. தாத்தா கிறிக்கி அடிச்சார். அந்தக் கண்ணாடியெல்லாம் சேர்ந்து தீயை வாரி வாரி ஜனங்க மேல இறைச்சது. இந்த அலங்காரமே பந்த வெளிச்சத்துக்காகச் செஞ்சதுதான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. இப்ப இருக்கிற எல்.ஈ.டி. விளக்குல அது கல்யாண மண்டப ஜோடனை மாதிரித் தெரியுது. குத்தம் கிரீடத்து மேல இல்லை.

நானும் ஒரே ஒரு ராத்திரி வேஷம் கட்டினவன். இன்ஜினியரிங் மூணாம் வருஷ லீவுல ஜமாவில ஆள் குறைஞ்சு, துகிலுரிதல் கூத்துல என்னைச் சகாதேவனா உட்கார வச்சாங்க. வசனம் கிடையாது. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்காரணும், அவ்வளவுதான். வைவா கொடுத்த அனுபவத்துல அதை அட்டகாசமாப் பண்ணினேன். ஆனா துச்சாதனன் சேலையில கை வைக்கிற நேரம் வந்தப்ப கற்பூரம் ஏத்தினாங்க. வேஷக்காரர் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் தொட்டார். முன்வரிசையில இருந்த ஆயாக்கள் அழுதாங்க. கீழ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கழுத்து வலியெல்லாம் மறந்தே போச்சு. இதுக்கப்புறம் 'ஃபோக் ஆர்ட்'னு யாராவது சொன்னா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

சரி, பேருக்கு வருவோம். சண்டையே அங்கதான். எங்க டீம்ல ஒரு வேரியபிளுக்குப் பேர் வைக்கவே அரை மணி நேரம் அடிச்சுக்குவோம். இது பல நூறு வருஷக் கலை, சும்மா விடுவாங்களா?

புத்தகத்துல, பத்திரிகையில எல்லாம் 'தெருக்கூத்து'. 1990ல் வந்த ரிச்சர்ட் ஃபிராஸ்காவோட ஆய்வு நூல்லயும் தெருக்கூத்துதான். அதே 1990ல் காஞ்சிபுரம் பக்கம் பெருங்கட்டூர் ராஜகோபாலும் மத்த கலைஞர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி, அதுக்குக் 'கட்டைக்கூத்துச் சங்கம்'னு பேர் வச்சாங்க. ஹாலந்துலேர்ந்து ஆய்வு பண்ண வந்து அவரையே கல்யாணம் பண்ணிக்கிட்ட ஹன்னே டி புருயின் 'கட்டைக்கூத்து'ங்கற பேர்லயே புத்தகம் எழுதினாங்க. அவங்க வாதம்: 'தெரு'ன்னு சொல்றதுல ஒரு இளக்காரம் ஒட்டியிருக்கு, கலைஞர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு பேர் வச்சுக்கட்டும். எதிர்த்தரப்பு சொல்றது: தெருங்கறது ஊர் நடுவுல இருக்கிற பொது இடம், அதுல என்ன கேவலம்?

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா 'கூத்தாடிப் பய'ன்னு தாத்தாவைச் சொல்லி நான் என் காதால கேட்டிருக்கேன். நெல்லு அளக்கிற இடத்துல, எல்லாருக்கும் அளந்த பிறகு கடைசியா நின்னு வாங்கினவர் அவர். ராத்திரி பூரா அவரைக் கர்ண மகாராஜான்னு கும்பிட்ட அதே ஆளுங்க. அதனால பேர்ல என்ன இருக்குன்னு என்னால சுலபமாச் சொல்ல முடியலை.

வேடிக்கை என்னன்னா, எங்க ஊர்ல தெருக்கூத்துன்னும் சொல்ல மாட்டாங்க, கட்டைக்கூத்துன்னும் சொல்ல மாட்டாங்க. 'கூத்து'ம்பாங்க. இல்லைன்னா 'நாடகம்'. "இன்னிக்கு ராத்திரி கோயிலாண்ட நாடகம்." இந்த நாடகம்ங்கற சொல், பிற்காலத்துல வந்த கம்பெனி நாடகத்தைப் பார்த்து ஒட்டிக்கிட்டதுன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்.

அது தப்புன்னு எனக்குக் காட்டினது ரெண்டு தீவு. பிரெஞ்சுக்காரங்க 1848ல் அடிமை முறையை ஒழிச்ச பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள்லேர்ந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலா ஏத்தினாங்க. ஒரு பகுதி இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியனுக்கு. இன்னொரு பகுதி அந்தக் கோடியில கரீபியன் கடல்ல இருக்கிற குவாதலூப்புக்கு, அங்க முதல் கப்பல் 1854 டிசம்பர்ல போய்ச் சேர்ந்தது. போனவங்க திரௌபதியையும் தீமிதியையும் கூத்தையும் கையோட கொண்டு போனாங்க. ரீயூனியன்ல திரௌபதிக்கு இப்ப 'பாண்டியாலே'ன்னு பேர். அங்க நடக்கிற ராக்கூத்தைப் பிரெஞ்சுல 'பால் தமூல்', அதாவது தமிழ் ஆட்டம்னு சொல்றாங்க. கிரியோல் பேச்சுல அதுக்குப் பேர் 'நார்ல்கோன்'. நடத்துறவர் 'வார்த்தியால்'. சத்தமாச் சொல்லிப் பாருங்க: நாடகம், வாத்தியார்! குவாதலூப்புல அதே சொல் 'நாத்ரோன்' ஆயிருக்கு.

அந்தக் கப்பல் போக்குவரத்து 1880கள்லயே நின்னு போச்சு. ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாத ரெண்டு தீவுல ஒரே சொல் உறைஞ்சு கிடக்குதுன்னா, கப்பல் ஏறும்போதே நம்ம ஜனங்க வாயில அதுக்கு 'நாடகம்'னு பேர் இருந்திருக்கு. தமிழ் நாடக மேடையோட தலைமை ஆசிரியர்னு சொல்லப்படுற சங்கரதாஸ் சுவாமிகள் உப்புப் பண்டகசாலைக் கணக்கு வேலையை விட்டுட்டு நாடகத்துக்கு வந்ததே 24 வயசுல. 1867ல் பிறந்தவர், கணக்குப் போட்டுக்குங்க. அப்போ நாடகம்ங்கற பேரை எங்க ஊர்க்காரங்க அவர் காலத்துக் கம்பெனிகள்கிட்டேயிருந்து கடன் வாங்கலை. தெருவையும் கட்டையையும் வச்சுச் சண்டை போடுறவங்க இந்த மூணாவது பேரையும் கொஞ்சம் கவனிச்சா நல்லா இருக்கும்னு இந்தச் சகாதேவனோட தாழ்மையான கருத்து.

பேரைக் கடன் வாங்கலையே தவிர, மத்ததெல்லாம் தாராளமா வாங்கினோம். ஆர்மோனியம் அங்கேயிருந்து வந்ததுதான். வெல்வெட்டு, சமிக்கி, எழுதின படுதா எல்லாம் அந்த வழிதான். தாத்தா பெட்டியில மரப் பதக்கத்துக்கு அடியில ஒரு ஊதா வெல்வெட்டுச் சட்டை இருக்கும், கைப்பூரா சமிக்கி. கர்ணனுக்கு அது எதுக்குன்னு கேட்டா, "ராஜபார்ட்டுன்னா வெல்வெட்டு வேணாமா?"ன்னுவார். ராஜபார்ட்டுங்கற சொல்லே கம்பெனிச் சொல். சுத்தமான மரபுன்னு தேடிக்கிட்டு வர்றவங்க அந்தப் பெட்டியைத் திறந்தா தலை சுத்திடும்.

சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் எங்க பாண்டிக்கும் ஒரு உறவு இருக்கு. 1918ல் மதுரையில பசங்களை மட்டும் வச்சுத் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்க சேர்ந்தவங்கதான். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில உட்கார்ந்து எழுதினார்னு சொல்வாங்க. கடைசியில பக்கவாதம் வந்து பேச்சு போச்சு. 1922 நவம்பர் 13ஆம் தேதி பாண்டிச்சேரியில காலமானார். சமாதி கருவடிக்குப்பத்துல. நான் ஸ்கூல் படிக்கும்போது அந்த வழியா எத்தனையோ தடவை பஸ்ல போயிருக்கேன், யாரோ சாமியாருன்னு நினைச்சுட்டேன். தூத்துக்குடிச் சீமையில பிறந்து தமிழ்நாடு பூரா நாடகம் போட்ட மனுஷன் பிரெஞ்சு மண்ணுல அடங்கியிருக்கார். பிற்பாடு பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் இந்திரா பார்த்தசாரதியைத் தலைவராப் போட்டு நாடகப் பள்ளி தொடங்கினப்போ அவர் பேரைத்தான் வச்சாங்க.

அவர் வேஷம் கட்டுறதை விட்ட கதையும் பிரசித்தம். நளதமயந்தியில சனீஸ்வரனா நடிச்சுட்டு, விடியக்காலையில வேஷத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனாராம். துணி துவைக்க வந்த ஒரு கர்ப்பிணிப் பொண்ணு அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்தே செத்துப் போனதாச் சொல்வாங்க. அதுக்கப்புறம் மெதுமெதுவா நடிப்பை விட்டு வாத்தியாரா மட்டும் இருந்தாராம். எவ்வளவு நிஜமோ. ஆனா தாத்தா இதைச் சொல்லித்தான் எங்களை மிரட்டுவார்: "வேஷத்தோட தெருவுல திரியாதே, கலைச்சுட்டுப் போ."

நகரத்துக்காரங்க கூத்தைப் பார்க்க ஆரம்பிச்ச கதை உங்களுக்கெல்லாம் தெரியும், ஓட்டமாச் சொல்லிடறேன். புரிசை நடேசத் தம்பிரானோட கூத்தைப் பார்த்து அசந்து போனவர் நா. முத்துசாமி. அவர் 1977ல் சென்னையில கூத்துப்பட்டறை தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் அங்க போய்ப் பயிற்சி கொடுத்தார். நல்ல காரியம். ஆனா அங்கேயிருந்து சினிமாவுக்கு வழி கிடைச்ச அளவுக்கு எங்க பக்கத்து ஜமாக்களுக்கு வழி கிடைக்கலைங்கற வருத்தம் எனக்குண்டு.

எனக்குப் பெரிசாப் படறது இன்னொண்ணு. கட்டைக்கூத்துச் சங்கம் 2002ல் காஞ்சிபுரம் பக்கம் ஒரு குருகுலம் தொடங்கிச்சு. காலையில பாடம், கூடவே கூத்து. சின்ன வயசுலயே கூத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட ராஜகோபால் தொடங்கின பள்ளிக்கூடம் அது. அங்க பெண் பிள்ளைகளுக்கும் கட்டை வேஷம் கட்டிவிட்டாங்க. பொம்பளை வேஷத்தையே ஆம்பளை கட்டின கலையில, ஒரு பொண்ணு துரியோதனனா வந்து திரைக்குப் பின்னாலேர்ந்து குரல் கொடுக்கிறதை யோசிச்சுப் பாருங்க. 2020ல் குருகுலத்தை மூடிட்டாங்க. அங்க படிச்ச பொண்ணுங்க தொடர்ந்து ஆடுறாங்க.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா விக்கிற மனசுலதான் இருந்தார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. விடியவிடியக் கூத்தாடிட்டு வந்து பகல்ல தூங்கற அப்பனுக்குப் பிள்ளையாப் பிறந்து, மூட்டை தூக்கிப் படிச்சவர். அந்தக் கிரீடத்தைப் பார்த்தாலே அவருக்குக் கோபம்தான் வரும். ஆயா ஒண்ணும் பேசலை. நான் பரண்லேர்ந்து இறக்கி, கிரீடத்தைத் தூக்கிப் பார்த்தேன். நம்ம லேப்டாப் அளவுகூடக் கனமில்லை. உள்பக்கம் வேர்வைக் கறை.

தாத்தாவோட ஜமாவில பின்பாட்டுப் பாடின பெரியவருக்குப் போன் போட்டேன். இப்ப அவர்தான் வாத்தியார். மொபெட்டுல வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டை நல்லாத்தான் இருக்கு தம்பி, பூச்சி அரிக்கலை. கயிறு மாத்தணும். ஜிகினா நான் ஒட்டிக்குவேன். நம்ம கர்ணன் இப்ப அட்டைக் கிரீடம்தான் வச்சிருக்கான்" என்றார். அப்பா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், "சுவத்துல மாட்டறவன் பன்னெண்டாயிரம் தர்றான், நீங்க என்ன தருவீங்க?"ன்னு கேட்டார். பெரியவர் சிரிச்சுட்டு, "முன்வரிசையில ஒரு பாய் தரேன்பா, வந்து உட்காரு" என்றார். ஆயா எழுந்து போய் அவருக்குக் காப்பி கொண்டு வந்தாங்க.

கிரீடம் இப்ப ஜமாவோட பெட்டியில இருக்கு. இந்த சீசன்ல கர்ண மோட்சத்துக்குக் கட்டுறதாப் பேச்சு. வலது புஜக்கட்டையில மட்டும் ஏழு கண்ணாடி உதிர்ந்து போச்சு. பழைய மெல்லிசு ரசக்கண்ணாடி வேணும், புதுசு தடிமனா இருக்கு, ஒட்டினா நிக்க மாட்டேங்குது. பாண்டியிலயோ திண்டிவனத்துலயோ அப்படிக் கண்ணாடி வெட்டித் தர்ற கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்களேன்.