வைத்திருத்தல் என்னும் குற்றம்

சித்திரக் கதைப் புத்தகங்களைக் கண்டு அரசாங்கங்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. குற்றத்தையும் குரூரத்தையும் படம்படமாக வரைந்து விற்ற பிரசுரங்கள் சிறுவர் சித்தத்தைக் கெடுக்கின்றன என்று இங்கிலாந்து 1955-இல் சட்டம் இயற்ற, மறு ஆண்டே நமது பாராளுமன்றமும், இருபது வயது நிரம்பாதோரைக் காக்கும் பொருட்டு, அத்தகைய நூல்களை விற்பவனுக்கும் வாடகைக்கு விடுபவனுக்கும் ஆறு மாதம் வரை சிறைவாசம் விதித்தது. புத்தகம், சஞ்சிகை, துண்டுப் பிரசுரம் என்று அச்சட்டம் பெயர் சொன்னவை யாவும் கடையிலிருந்து அள்ளிச் சென்று அழிக்கத்தக்க வஸ்துக்கள். போலீஸ்காரருக்கு அதிகச் சிரமமில்லை.

இணையத்தில் ஓடும் படத்தை அப்படி அள்ள முடியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆபாசத்தைத் தண்டித்ததேயன்றி, அதன் 67-ஆம் பிரிவு குழந்தையைத் தனியே கருதவில்லை. 2004-இல் டில்லிப் பள்ளி மாணவர் இருவரின் அந்தரங்கக் கைப்பேசிப் படம் இணைய ஏலக் கடையில் விற்பனைக்கு வந்து தேசமே அமளிப்பட்ட பின்னும், குழந்தைகளைக் காட்டும் ஆபாசத்தைத் தனிக் குற்றமாக்கிய 67-பி பிரிவு அமலுக்கு வர 2009 அக்டோபர் ஆயிற்று. தாமதம் கண்டிக்கத்தக்கதே, ஆயினும் எழுதியவர்கள் அசட்டையாக எழுதவில்லை. வெளியிடுதலோடு தேடுதல், பார்வையிடுதல், பதிவிறக்குதல் ஆகியவற்றையும் குற்றங்களாகச் சேர்த்தார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் பிறந்த போக்சோ சட்டமோ, அத்தகைய படங்களை வியாபார நோக்கத்தோடு வைத்திருப்பவனை மட்டுமே தண்டித்தது; பகிரும் எண்ணத்தோடு அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருப்பவனையும், கணினியே உண்மைபோல் புனைந்த உருவத்தையும் 2019-இன் திருத்தம்தான் அதன் வரம்புக்குள் கொணர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு, கைப்பேசியில் இத்தகைய இரு படக்கோப்புகள் அகப்பட்ட சென்னை இளைஞர் ஒருவர்மீதான வழக்கை, தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று கூறி, 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பதிவிறக்குதல் என்ற சொல்லே 67-பி பிரிவில் இருக்கையில் இம்முடிவு எனக்கு வியப்பாகவே இருந்தது. செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, கோப்பைச் சேமிக்காமல் இணையத்திலேயே பார்ப்பவனும், அதன்மீது அவனுக்கு ஆதிக்கம் இருக்குமாயின், அதை வைத்திருப்பவனே என்று விளக்கிற்று; தெரியாமல் திறந்த தொடுப்பை மூடிவிட்டால் மட்டும் பொறுப்புத் தீராது, உரியவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும் என்றது. சிலருக்கு இது கடுமையாகப்படலாம். பார்வையாளன் மூடிய பின்னும் அந்தப் படம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கு விசாரணைக்காகத் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்துக்கே திரும்பிற்று.