பாட்டன் பிறந்த ஊர்



குடும்ப வரலாறு தேடுவதை வீண்பெருமை என்பார் உளர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமோ, இங்கு பிறந்தவரிடமும் தந்தை இலங்கையிற் பிறந்ததற்கு, அல்லது பாட்டன், பூட்டன் இருவரும் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பூட்டன் காலத்திற் பிறப்புப் பதிவு கட்டாயமன்று, 1897இலேதான் கட்டாயமாயிற்று. பத்திரமில்லாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தந்தது.

ஆகவே, குடும்ப வரலாறு எழுத முனையும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாணவருக்கு நான் முதலிற் சொல்வது ஒழுங்கு பற்றியே. ஆளுக்கொரு தாள். அதில் முழுப்பெயர், ஊர், ஆண்டு, செய்தி சொன்னவர் யார் என்பன இருக்கட்டும். நமக்குக் குடும்பப் பெயரில்லை. தந்தை பெயரே முதலெழுத்து. ‘க’ என்று மட்டும் குறித்தால் கந்தையாவா, கணபதியா?

கற்பதையும் நிறுத்தலாகாது. பழைய காணி உறுதிகளில் அதே ‘க’ ஒன்று என்னும் எண்ணாகவும் வரும். தமிழெண் அறியாதவர் அங்கே தடம் மாறுவர்.

பிரதியொன்று உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகளோடு பத்திரங்களும் எரிந்தன. ஒரு தாள் ஒருவரின் நாட்டையே தீர்மானித்த மண் இது.