நோய் தீர்ந்தபின் நலம் யாருக்கு?

கயத்தாற்றில் ஒருவர் கொரோனா கண்டு பிழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்டது, பரிசோதனையிலும் கிருமி இல்லை. ஆனால் மாதங்கள் சென்ற பின்னும் கரிசல் காட்டுக்கு நடந்தால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. ‘நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன சோம்பல்?’ என்கிறார்கள் வீட்டார். அதே வாரம் நோயில் படுத்த அண்டை வீட்டுக்காரரோ பழையபடி ஓடியாடுகிறார். ஏன் இந்த வேறுபாடு? இத்தகைய வினாவுக்கு விடை தேடும் வழியைச் சென்னை நகரம் முன்பே உலகுக்குக் காட்டியிருக்கிறது. அந்த வரலாற்றை முதலில் பார்ப்போம்.

சத்துணவு, ஓய்வு, நல்ல காற்று ஆகியவையே காசநோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்று மருத்துவர்கள் நம்பிய காலம் ஒன்று உண்டு. ஆகவே நோயாளியைச் சானடோரியத்தில் சேர்ப்பதே சரியான சிகிச்சை எனப்பட்டது. ஆனால் அங்கே படுக்கைகள் சில. நாட்டில் நோயாளிகளோ பல லட்சம். இந்நிலையில் 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றது வீட்டில். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்.

முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்த உணவு குறைவு, ஓய்வும் குறைவு, இடமோ நெருக்கடி. எனினும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர்! ஆராய்ச்சியாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தனர். நோய் திரும்புவதிலும் பெரிய வேறுபாடு காணவில்லை. உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே முதன்மையானது என்பதே பொருள். வெறும் ஊகத்தால் இதை அறிந்திருக்க முடியுமா? ஒப்பிட்டுப் பார்த்ததும், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததுமே இதைக் காட்டின.

இனிக் கொரோனாவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 31 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 14,419 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டது. அவர்களுள் 6.5 விழுக்காட்டினர் அந்த ஓராண்டுக்குள் இறந்திருந்தனர். அறுபது வயதைக் கடந்தவர்கள், ஆண்கள், ஏற்கெனவே வேறு நாட்பட்ட நோய் உள்ளவர்கள், கொரோனா கடுமையாகத் தாக்கியவர்கள் ஆகியோருக்கே அபாயம் மிகுதி. நோய் காணுமுன்பே தடுப்பூசி போட்டிருந்தவர்களுக்கு மரண அபாயம் சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர், கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரின் நுரையீரலை ஆராய்ந்தனர். அவர்களுள் 44 விழுக்காட்டினருக்கு, காற்றிலுள்ள பிராணவாயுவை இரத்தத்துக்குள் செலுத்தும் திறன் குன்றியிருந்தது. அப்படியானால் கயத்தாற்று நண்பரின் மூச்சுத்திணறல் சோம்பலாக இருக்க வேண்டியதில்லை. நுரையீரல் அளவையில் தெரியக்கூடிய குறையாகவும் இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேற்கண்ட காரணிகள் அபாயத்தின் அளவைச் சொல்வன. தனி மனிதரின் விதியைச் சொல்வன அல்ல. வயது முதிர்ந்தவர் முற்றும் நலம் பெறலாம். இளைஞர் ஒருவர் மாதக்கணக்கில் தளர்ந்திருக்கலாம். வேறு நாடுகளின் ஆய்வுகளில், நீடித்த களைப்பும் மூச்சிரைப்பும் பெண்களிடமே கூடுதலாகக் காணப்பட்டுள்ளன. மரண அபாயம் ஆண்களுக்கு மிகுதி. நீடித்த துன்பமோ பெண்களுக்கு மிகுதி. எனவே ‘எது நேரும்?’ என்று கேட்கும்போது, எந்த விளைவைப் பற்றிக் கேட்கிறோம் என்பதையும் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் எவருக்கேனும் கொரோனாவுக்குப் பின் மூன்று மாதம் கடந்தும் தளர்ச்சி நீடித்தால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது, சர்க்கரை நோய் உண்டா, தடுப்பூசி எப்போது போட்டார் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். நோயாளியைத் தொடர்ந்து கவனித்துக் குறித்து வைப்பதே சென்னை அன்று மேற்கொண்ட வழி. அதன் முதல் படி உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம்.