பழைய கணினியில் விபிஎன்: எது மறையும், எது மறையாது?

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவரின் வீட்டில் பழைய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படங்களும், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் அதற்குள்தான். "விபிஎன் போட்டுத் தாங்கோ தம்பி. நான் என்ன அனுப்புறன் எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. 2007இல் தமிழ்நெற் தளம் இங்கு தடுக்கப்பட்டது. 2018 மார்ச் கண்டி வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

விபிஎன் என்பது உங்கள் கணினியிலிருந்து வேறொரு சேர்வர் வரை போகும் பூட்டிய சுரங்கப்பாதை. நீங்கள் விபிஎன் பாவிப்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியாது. ஆனால் அது பதுங்குகுழி அல்ல. கணினிக்குள் வைரஸ் இருந்தாலோ, கணினியையே யாரும் தூக்கிக்கொண்டு போனாலோ அது காப்பாற்றாது. முகநூலில் சொந்தப் பெயரில் எழுதினால், எழுதியது நீங்கள்தான்.

ஆகவே வேலையை இந்த ஒழுங்கில் செய்தோம்.

முதலாவது, கோப்புகள் எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவ்களில் பிரதி எடுத்தோம். ஒன்று உறவினர் வீட்டுக்குப் போனது.

இரண்டாவது, கணினியில் இருந்தது விண்டோஸ் 7. மைக்ரோசொஃப்ட் அதற்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவை 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது. அதை அழித்து, லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். 64 பிட் செயலியும் 2 ஜிபி ரம்மும் இருந்தால் ஓடும். நிறுவும்போதே வன்தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் தெரிவையும் இட்டோம். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் கோப்புகளைத் திறக்க வழியில்லை.

மூன்றாவது, புரோட்டன் விபிஎன்னின் இலவசக் கணக்கு. அதன் தளத்தில் ஓபன்விபிஎன் கோப்பை இறக்கி, நெட்வேர்க் அமைப்புகளில் 'இம்போர்ட்' செய்ய வேண்டும். இங்கே கேட்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கணக்கினுடையவை அல்ல. கணக்குப் பக்கத்தில் தனியாகத் தரப்பட்டிருக்கும். பலர் தடக்குப்படுவது இதில்தான். பழைய பிபிடிபி முறையைத் தொடவேண்டாம். அதன் பூட்டு எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது.

நான்காவது, இணைக்க முன்னரும் பின்னரும் ஐபி முகவரியைப் பாருங்கள். நாடு மாறியிருக்க வேண்டும். இணைப்பு இடையில் அறுந்தால் எல்லாம் பழையபடி வெளியாகவே போகும். முக்கியமானதை அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிய அன்ரி கேட்டார்: "அப்ப அந்தப் பக்கம் ஆர் இருக்கினம்?"

சரியான கேள்வி. அந்தப் பக்கம் இருப்பது விபிஎன் நிறுவனம். இங்குள்ள நிறுவனத்தின் மேல் வைத்த நம்பிக்கையை அங்கே மாற்றுகிறோம், அவ்வளவுதான். அதனால் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவசச் செயலிகளை விட்டுவிடுங்கள். தெரிவுசெய்ததை இப்போதே நிறுவுங்கள். தடை வந்த பிறகு தேடினால், அதை இறக்கும் தளமும் திறக்காமல் போகலாம்.