சேரியும் தண்டவாளமும்

கடையநல்லூரில் கூடிவிட்டுச் சென்னையின் ரயிலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927இல் நம் ஊர் வழியாகப் போடப்பட்டது. இன்று பொதிகையில் ஏறும் நம் பிள்ளைகள் விடியலில் தாம்பரத்தில் இறங்கி மின்ரயிலுக்கு மாறுகிறார்கள். அந்தத் தடத்தில் எந்த ஸ்டேஷன் பக்கம் தங்களுக்கு வாடகைக்கு அறை கிடைக்கும், எங்கே சாதி கேட்டுக் கதவைச் சாத்துவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. 1876இல் பக்கிங்ஹாம் மில்லும், 1881இல் கர்நாடிக் மில்லும் வந்தன. செங்கல்பட்டு, வடஆற்காடு கிராமங்களின் சேரிகளிலிருந்து கிளம்பிய மக்கள் பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று தண்டவாளத்தை ஒட்டியே குடிசை போட்டார்கள். ஊரில் மிராசுதாரர் நெல்லாக அளந்த கூலி இங்கே ரூபாயாகக் கைக்கு வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘தமிழன்’ இதழும், அவருடைய பௌத்த சங்கமும் பெரம்பூரிலும் கோலார் தங்கவயலிலும் வேர் பிடித்ததற்கு இந்தத் தொழிலாளர் குடியிருப்புகளே நிலம். வடசென்னையை வெறும் ரவுடிப் பேட்டையாகக் காட்டும் சினிமாக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

ஆனால் 1921ஐ மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் அவர்களை எழுதிவிட்டுப் போன வரலாறு நமக்கு உண்டு. வேலைநிறுத்தம் நீண்டால் திரும்பிப்போக அவர்களுக்கு ஊரில் காணி நிலம் இருந்ததா, கடன் கொடுக்க உறவு இருந்ததா என்று அந்த வரலாறு கேட்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்ற பேச்சும் அப்போதே எழுந்தது. சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா எதிர்த்து நின்றார். நீதிக்கட்சியோடு அவருக்கு ஏற்பட்ட பிளவுக்கு இது முக்கியக் காரணம். வெளியேற்றும் பேச்சு அன்றோடு ஓய்ந்துவிடவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தெற்கே நடந்தது வேறு. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். 1931இல் கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் மனை வாங்கிய குமாஸ்தாவும் வக்கீலும் சீசன் டிக்கெட்டோடு கோட்டைக்கும் பாரிமுனைக்கும் போய்வந்தார்கள். அவர்களுக்கு ரயில் கதவாக இருந்தது. வியாசர்பாடிக்காரர்களுக்கு மதிலாகவும் இருந்தது. தண்டவாளத்தின் அடியில் போகும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால், புளியந்தோப்புக்கும் வியாசர்பாடிக்கும் போகிறவர்கள் இன்றும் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் வந்தது. பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும், கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டும் கட்டிய பாதை. அதே காலத்தில்தான் கூவம், அடையாறு, கால்வாய்க் கரைகளில் இருந்த குடிசைகளை அகற்றி, 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். சென்ட்ரலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். கையில் வீட்டு ஒதுக்கீட்டு ஆணை இருந்தது. பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. நகரத்துக்கு நடுவே இருந்தபோது வீட்டு வேலைக்கு நடந்தே போன பெண்கள், போகவர ஆகும் நேரத்தைக் கணக்குப் பார்த்து வேலையை விட்டார்கள். பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். 1921இல் பேச்சாக இருந்தது, எண்பது ஆண்டுகள் கழித்து அரசுத் திட்டமாக நடந்தேறியது என்றே நாங்கள் படிக்கிறோம்.

வேலையை விடாதவர்களும் இருக்கிறார்கள். விடியுமுன் கண்ணகி நகரில் பஸ் ஏறி, திருவான்மியூரில் பறக்கும் ரயில் பிடித்து, மயிலாப்பூரில் இறங்குகிறார்கள். வழியில் ஜன்னலுக்குக் கீழே கால்வாய்க் கரை தெரியும். தங்கள் பழைய குடிசை இருந்த இடத்தைச் சிலர் அங்கிருந்து கைகாட்டுவார்கள்.