கிரீஸ் 2 யூரோ நாணயத்தில் ‘எஸ்’ எழுத்து இருந்தால் லட்சாதிபதியா? உண்மையிலேயே அரிய கிரேக்க நாணயங்கள் எவை?

“2002-ம் ஆண்டு கிரீஸ் 2 யூரோ நாணயம் உங்ககிட்ட இருக்கா? நட்சத்திரத்துக்குள்ள ‘எஸ்’னு ஒரு எழுத்து இருந்தா நீங்க லட்சாதிபதி!” இப்படிச் சொல்லும் வீடியோக்கள் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகின்றன. ஆன்லைன் விற்பனைத் தளங்களிலும் இந்த நாணயத்துக்கு ஆயிரக்கணக்கில் யூரோ விலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

நேரடியாகவே சொல்லிவிடலாம். அந்த ‘எஸ்’ அச்சுப் பிழை இல்லை. அந்த நாணயம் அரிதானதும் இல்லை.

அந்த எழுத்து எப்படி வந்தது?

11 நாடுகள் 1999-லேயே யூரோவை ஏற்றுக்கொண்டன. கிரீஸ் 2001 ஜனவரி 1-ம் தேதிதான் அதில் சேர்ந்தது. மக்கள் கைக்கு யூரோ நாணயம் வரவேண்டிய நாளோ 2002 ஜனவரி 1. இடையில் ஒரே ஒரு ஆண்டு. நாட்டுக்குத் தேவையான மொத்த நாணயத்தையும் அதற்குள் உள்நாட்டிலேயே அடித்து முடிப்பது கஷ்டம் என்பதால், ஒரு பகுதி வேலை வெளிநாட்டு நாணயச்சாலைகளுக்குப் போனது.

பின்லாந்தில் அடித்த 1 யூரோ, 2 யூரோ நாணயங்களில் ‘எஸ்’ எழுத்து. அந்த நாட்டு மக்கள் தங்கள் நாட்டை ‘சுவோமி’ என்றுதான் அழைப்பார்கள். அதன் முதல் எழுத்து அது. ஸ்பெயினில் அடித்த 20 சென்ட்டில் ‘இ’, பிரான்ஸில் அடித்த மற்ற சென்ட் நாணயங்களில் ‘எஃப்’. அவ்வளவுதான் விஷயம்.

‘எஸ்’ போட்ட 2 யூரோ நாணயம் மட்டுமே சுமார் 7 கோடி அடிக்கப்பட்டது. கை மாறித் தேய்ந்த ஒன்றைக் கொண்டுபோனால், கடையில் அது 2 யூரோவுக்குத்தான் செல்லும்.

அப்போ ஆன்லைனில் தெரியும் அந்த விலை? ஒரு பொருளுக்கு யார் வேண்டுமானாலும் எந்த விலையும் போடலாம். விலை போட்டிருப்பது வேறு, அந்த விலைக்கு விற்றிருப்பது வேறு. ‘விற்று முடிந்தவை’ பட்டியலைத் தனியாகத் திறந்து பார்த்தாலே பெரும்பாலும் குட்டு உடைந்துவிடும். நம்மூரில் பழைய நோட்டு, நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் பணம் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே கமிஷன் கறக்கிறார்களே, அந்த ரகம்தான் இதுவும். தங்கள் பெயரைப் பயன்படுத்தி அப்படிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

அப்போ எதுதான் அரிது?

நவீன கிரேக்க நாணயங்களின் கதை 1828-ல் தொடங்குகிறது. ஒட்டோமான் பேரரசுக்கு எதிரான விடுதலைப் போர் முழுசாக முடியாத நேரம். புதிய நாட்டின் முதல் ஆளுநர் இயோனிஸ் கபோடிஸ்ட்ரியாஸ், துருக்கி நாணயங்களுக்குப் பதிலாகச் சொந்த நாணயம் வேண்டும் என்று முடிவெடுத்தார். மால்டாவில் இருந்து பழைய இயந்திரங்களை விலைக்கு வாங்கி, ஏஜினா தீவில் நாணயச்சாலை அமைத்தார்கள். நாணயத்துக்கு வைத்த பெயர் ‘ஃபீனிக்ஸ்’. சாம்பலில் இருந்து எழும் பறவை. மீண்டு வந்த நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது.

ஆனால் அடிக்க வெள்ளி இல்லை. சுமார் 12,000 வெள்ளி ஃபீனிக்ஸ்தான் அடிக்க முடிந்தது. 1831-ல் கபோடிஸ்ட்ரியாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து பவேரியாவில் இருந்து ஓட்டோ மன்னராக வந்தபோது டிராக்மா வந்தது, ஃபீனிக்ஸ் போய்விட்டது. இன்று நல்ல நிலையில் ஒரு வெள்ளி ஃபீனிக்ஸ் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். அதே காலத்துச் செம்பு லெப்டா காசுகள் அப்படி இல்லை. ஓரளவு எளிதாகவே கிடைக்கும். அச்சுகளைக் கையால் செதுக்கியதால் ஒரே ஆண்டு நாணயத்திலேயே நிறைய சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. அவற்றை மட்டும் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து 1876. முதலாம் ஜார்ஜ் மன்னர் உருவத்துடன் பாரிஸில் அடித்த 100 டிராக்மா தங்க நாணயம். மொத்தமே 76. அதனுடன் வந்த 50 டிராக்மா 182. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 1935-ல் மீண்டும் அரியணைக்கு வந்ததற்கான நினைவு நாணயங்களும் இதே ரகம்: 100 டிராக்மா தங்கம் 140, 20 டிராக்மா தங்கம் 200, 100 டிராக்மா வெள்ளி 500.

விநோதமானது 1921-ம் ஆண்டின் 50 லெப்டா. தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. சாதாரண செம்பு-நிக்கல் காசு. இங்கிலாந்தில் இரண்டு நாணயச்சாலைகளில் 25 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள். பிறகு கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பியது சில டஜன் மட்டும். 25 லட்சம் அடித்த காசு, 500 அடித்த வெள்ளியைவிட அரிதாகிப் போனது இப்படித்தான். எத்தனை அடித்தார்கள் என்பதோடு, எத்தனை மிஞ்சின என்றும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எடை. உதாரணமாக, 1875, 1876-ம் ஆண்டுகளின் 5 டிராக்மா வெள்ளி நாணயம் 25 கிராம் இருக்க வேண்டும். புழங்கித் தேய்ந்ததில் கொஞ்சம் குறையலாம். 3, 4 கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே இல்லை. அதற்காக, ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று நினைத்துவிடவும் கூடாது.

பழைய நாணயத்தைப் புளி, பாலிஷ் என்று எதையும் போட்டுத் தேய்க்கவே கூடாது. பளபளப்பு வரும், விலை போய்விடும். பெரிய தொகை கொடுத்து வாங்குவதாக இருந்தால் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் சோதித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரம் எழுதியதையே கேட்பது நல்லது. உறையிலும் போலி வருகிறது என்பதால், அதில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் பழைய டிராக்மா இருந்தால்?

1 யூரோவுக்கு 340.75 டிராக்மா என்ற கணக்கில் மாற்றிக் கொடுத்தார்கள். நாணயங்களுக்கான கெடு 2004 மார்ச்சிலும், நோட்டுகளுக்கானது 2012 மார்ச்சிலும் முடிந்துவிட்டது. இனி வங்கியில் மாற்ற முடியாது. 1970-களில் இருந்து வந்த சாதாரண டிராக்மா நாணயங்கள் ஏராளமாக இருப்பதால், சேகரிப்பாளர்களிடமும் பெரிய விலை போகாது. ராணுவ ஆட்சிக் காலத்தில், 1973-ல் ஃபீனிக்ஸ் பறவையைப் போட்டு வெளியிட்ட காசுகளும் இதில் அடக்கம். 1828 வெள்ளியில் இருக்கும் அதே பறவைதான், ஆனால் இது சில்லறை விலைக்கே கிடைக்கும்.